பைன் மரங்களை இனம் பிரித்துச் சொல்வது எப்படி? ஊசியிலை முதல் கூம்பு வரை முழுமையான வழிகாட்டி

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாப் பைன் மரமும் ஒன்றுதான். உயரமாக நிற்கும், வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும், இலை ஊசி ஊசியாக இருக்கும். அதனாலேயே பலரும் "பைன்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். உலகத்தில் பைன் இனங்கள் 100-க்கும் மேல் இருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லாமே நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வளர்பவை. அந்தக் கோட்டைத் தாண்டித் தெற்கே இயற்கையாகவே வளர்வது சுமத்ராவில் இருக்கும் மெர்குசி பைன் ஒன்று மட்டும்தான்.

இனம் கண்டுபிடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மரத்தை அண்ணாந்து பார்த்து, முழு மரத்தையும் ஒரு போட்டோ எடுத்து, அதை ஏதாவது ஆப்பில் போட்டுப் பார்க்கிறார்கள். இந்த வழி பைனுக்குச் சரிப்பட்டு வராது. மரத்தின் உருவம் வயசுக்கு ஏற்ப மாறும், காற்றுக்கு ஏற்ப மாறும், பக்கத்தில் எத்தனை மரம் நெருக்கியடித்து நிற்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். மாறாத அடையாளங்கள் எல்லாம் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற அளவில்தான் இருக்கின்றன: ஊசியிலைக் கொத்து, அதன் அடியில் இருக்கும் உறை, கூம்பின் செதில், நுனி மொட்டு. அதனால் முதலில் தரையைப் பாருங்கள், அப்புறம் கிளையை, கடைசியாக முழு மரத்தை. கீழே சொல்லியிருக்கும் படிகளும் அதே வரிசையில்தான் போகின்றன.

கையில் ஒரு ஸ்கேல், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ், ஒரு நோட்டு, கூம்பு போட ஒரு பை. இது போதும்.

படி 1: முதலில் அது பைன்தானா?

ஊசியிலை இருந்தாலே பைன் என்று எடுத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது. பைனுக்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. அதன் ஊசிகள் கிளையில் தனித்தனியாக முளைக்காது, இரண்டு, மூன்று அல்லது ஐந்து என்று ஒரே அடியிலிருந்து கொத்தாக வரும். அந்தக் கொத்தின் அடியைக் காகிதம் போன்ற ஒரு பழுப்பு உறை சுற்றியிருக்கும், அல்லது இருந்து உதிர்ந்த தடம் இருக்கும்.

ஸ்ப்ரூஸில் ஊசிகள் ஒவ்வொன்றாக இருக்கும். ஒரு ஊசியைப் பிடுங்கி விரல்களுக்கு நடுவே உருட்டினால் பொதுவாக நான்கு மூலை தட்டுப்படும். ஊசி உதிர்ந்த பழைய கிளையைத் தடவினால், ஊசி உட்கார்ந்திருந்த குச்சிமுனைகள் சொரசொரவென்று கையில் குத்தும். ஃபிர் மரத்திலும் ஊசி தனித்தனிதான், ஆனால் தட்டையாக இருக்கும், உருட்ட வராது, பிடுங்கின இடத்தில் வழவழப்பான வட்டத் தழும்பு மட்டும் மிஞ்சும். ஃபிர்ரின் கூம்புகள் கிளைமேல் நிமிர்ந்து நின்று, மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். மரத்தடியில் முழுக் கூம்புகள் நிறையக் கிடந்தால் அது ஃபிர் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

தேவதாருவிலும் லார்ச்சிலும் கொத்து உண்டு, ஆனால் குட்டையான ஒரு முண்டிலிருந்து 15-க்கும் மேற்பட்ட ஊசிகள் கும்பலாக வரும். லார்ச் குளிர்காலத்தில் இலையை மொத்தமாகக் கொட்டிவிடும், தேவதாரு கொட்டாது. சவுக்கைச் சிலர் பைன் என்று சொல்லிவிடுகிறார்கள், அது பைன் குடும்பமே கிடையாது. அதில் ஊசியாகத் தெரிவது இலையே அல்ல, மெல்லிய பச்சைக் குச்சி. இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்தால் கணு கணுவாகக் கழன்று வரும், ஒவ்வொரு கணுவிலும் பொடிப்பொடியாக இருக்கும் பற்கள்தான் அதன் உண்மையான இலைகள். 'நார்ஃபோக் தீவுப் பைன்' என்று விற்கப்படும் அழகுச் செடியும் பெயரில் மட்டும்தான் பைன், உண்மையில் அரவுகேரியா.

படி 2: கொத்தில் எத்தனை ஊசி?

முழு வேலையிலும் அதிகப் பலன் தருவது இந்தப் படி. பைன் தன் ஊசிகளை உதிர்க்கும்போது கொத்தோடுதான் உதிர்க்கும், அதனால் மரம் ஏற வேண்டாம், கிளையை ஒடிக்கவும் வேண்டாம், கீழே கிடப்பதை எடுத்து எண்ணினாலே போதும். ஒரே ஒரு கொத்தை எண்ணிவிட்டு நிறுத்தாதீர்கள். மரத்தடியில் வேறு வேறு பக்கத்திலிருந்து இருபது கொத்தாவது எடுங்கள். பாண்டரோசா பைனில் பெரும்பாலும் மூன்று இருக்கும், நடுவே இரண்டும் வரும். வட அமெரிக்காவின் எக்கினாட்டா பைனில் இரண்டும் மூன்றும் கலந்தே வரும். மெக்சிகோவின் பட்டுலா பைனில் மூன்றோடு நான்கும் பார்க்கலாம். ஆகவே நோட்டில் "3" என்று மட்டும் எழுதாமல் "20-ல் 17 மூன்று, 3 இரண்டு" என்று எழுதிவைத்தால், அந்தக் கலவையே பின்னால் ஒரு அடையாளமாகிவிடும்.

கீழே கிடக்கும் கொத்து உடைந்திருந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. ஒரு கொத்தின் ஊசிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தால் ஒரு முழு உருளை கிடைக்கும். அப்படியென்றால் இரண்டூசிப் பைனில் ஒவ்வொரு ஊசியும் பாதி உருளை: ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. மூன்று, ஐந்து ஊசிப் பைன்களில் ஒவ்வொன்றும் ஒரு ஆப்புத் துண்டு, உள்பக்கம் ஒரு கூர்மையான விளிம்பு ஓடும். பிளேடால் ஊசியைக் குறுக்கே நறுக்கி, வெட்டு முகத்தை லென்ஸில் பார்த்தால் அரை வட்டமா ஆப்பா என்பது உடனே தெரிந்துவிடும். ஒற்றை ஊசி கிடைத்தாலும் எந்தக் குழுவில் தேட வேண்டும் என்பது இப்படிப் பிடிபடும்.

ஒரு எச்சரிக்கை. நாற்றுகளில் எண்ணாதீர்கள். சின்னஞ்சிறு பைன் கன்றில் இலைகள் தனித்தனியாகத்தான் வரும், கொத்து பிறகுதான் கட்டும். கேனரி பைனிலும் பினியா பைனிலும் இந்த நீலச்சாயல் கொண்ட இளம் இலைகள் சில வருஷம் வரை நீடிக்கும்.

ஒற்றை ஊசிப் பைன் என்று ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து வறண்ட மலைகளில் வளரும் மோனோபில்லா. அதன் ஊசி ஆப்பும் இல்லை, பாதியும் இல்லை, முழு உருளை.

படி 3: உறை நிலைக்கிறதா, உதிர்கிறதா?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், எனக்கோ இதுதான் பிடித்த அடையாளம். கொத்தின் அடியைச் சுற்றியிருக்கும் பழுப்பு உறையைப் பாருங்கள். புதுத் தளிரில் பார்க்கக் கூடாது, அங்கே எல்லாப் பைனுக்கும் உறை இருக்கும். போன வருஷத்து ஊசியில் பார்க்க வேண்டும்.

உறை இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது வன்பைன் குழு. உறை சுருண்டு உதிர்ந்துபோய்க் கொத்தின் அடி மொட்டையாக இருந்தால் மென்பைன் குழு. இரண்டூசி, மூன்றூசிப் பைன்களில் பெரும்பாலானவை வன்பைன்கள், ஐந்தூசிப் பைன்களில் பெரும்பாலானவை மென்பைன்கள். விதிவிலக்குகளைப் பிடித்துக் கொடுப்பதில்தான் இந்த உறையின் அருமை தெரியும். மூன்று ஊசி இருக்கிறது, ஆனால் உறை உதிர்ந்துவிட்டது என்றால், இமயமலையின் சில்கோசா பைனோ சீனாவின் புங்கியானா பைனோ ஆக இருக்கலாம். இரண்டிலுமே பட்டை தகடு தகடாக உரிந்து சாம்பலும் பச்சையும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும், அதையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

படி 4: நீளம், முறுக்கு, விறைப்பு

கிளையின் நடுப்பகுதியிலிருந்து, முழுதாக வளர்ந்த ஊசிகளை எடுத்து அளங்கள். நுனியில் இருப்பவை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம், நிழலில் இருப்பவை சோனியாக இருக்கலாம். பத்து ஊசி அளந்து, குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று எழுதினால் போதும், சராசரி கணக்குப் போட வேண்டியதில்லை.

வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று பாருங்கள். வட அமெரிக்காவின் பேங்க்சியானா பைனில் ஊசி 2 முதல் 5 செ.மீ. அதே கண்டத்தின் தென்கிழக்கில் இருக்கும் பலஸ்ட்ரிஸ் பைனில் 45 செ.மீ. வரை போகும். இமயமலையின் சிர் பைன் 20 முதல் 35 செ.மீ. இப்படி இரண்டு கோடியில் இருப்பவற்றை நீளத்தை வைத்தே தனியாக எடுத்துவிடலாம்.

நடுவில் இருப்பவற்றுக்குத்தான் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஐரோப்பா தொடங்கி கிழக்குச் சைபீரியா வரை பரந்து கிடக்கும் ஸ்காட்ஸ் பைனின் ஊசி குட்டை, நீலச்சாயல் கொண்டது, தன் அச்சிலேயே முறுக்கிக்கொண்டிருக்கும். ஐரோப்பாவின் நைக்ரா பைன் அதைவிட நீளம், கரும்பச்சை, விறைப்பு. நைக்ராவையும் வட அமெரிக்காவின் ரெசினோசா பைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகினவர்களே திணறுவார்கள், இரண்டுக்கும் இரண்டு ஊசி, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நீளம். அதற்கு ஒரு எளிய சோதனை: பச்சை ஊசி ஒன்றை எடுத்து வளையுங்கள். ரெசினோசா பட்டென்று சுத்தமாக முறியும், நைக்ரா முறியாமல் மடங்கும். காய்ந்த ஊசியில் இதைச் செய்து பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, எல்லாமே முறியும்.

படி 5: கூம்பு

ஊசி உங்களைக் குழு வரைக்கும் கொண்டுபோகும். இனம் எது என்று முடிவு செய்வது பெரும்பாலும் கூம்புதான், அதனால் இங்கே அவசரப்படக் கூடாது.

முதலில், உலர்ந்த கூம்பாக எடுங்கள். கூம்பு நனைந்தால் செதில்களை மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரிக்கும். மழை பெய்த மறுநாள் பொறுக்கிய கூம்பு ஒல்லியாகத் தெரியும், அதே கூம்பு வெயிலில் இரண்டு நாள் இருந்தால் ஆளே மாறிவிடும். அகலத்தை எழுதும்போது திறந்ததா மூடியதா என்று கூடவே குறித்துக்கொள்ளுங்கள். பச்சைக் கூம்பு முதிராதது, அதை அளந்து பயனில்லை. பைன் கூம்பு முதிரப் பொதுவாக இரண்டு வருஷம் எடுக்கும், மத்தியத்தரைக் கடல் பக்கத்து பினியா பைனுக்கு மூன்று வருஷம்.

அடுத்து, ஒரு செதிலைக் கவனியுங்கள். கூம்பு மூடியிருக்கும்போது வெளியே தெரியும் முகத்தில் சின்னதாக ஒரு புடைப்பு இருக்கும், அது முதல் வருஷத்து வளர்ச்சியின் மிச்சம். அந்தப் புடைப்பு செதிலின் நுனியிலேயே இருந்தால், மென்பைன்களில் ஒரு பிரிவான வெள்ளைப் பைன் வகையறா. முகத்தின் நடுவில் இருந்தால் பெரும்பாலும் வன்பைன். நடுவில் இருக்கும் புடைப்பில் முள் இருக்கிறதா, இருந்தால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அடுத்த கேள்வி.

இந்த முள்ளின் திசையை வைத்தே தீர்க்கப்படும் வழக்கு ஒன்று உண்டு, மேற்கு அமெரிக்காவின் பாண்டரோசாவும் ஜெஃப்ரியும். இரண்டுக்கும் மூன்று நீள ஊசி, இரண்டுமே பெரிய மரம், பட்டையும் கிட்டத்தட்ட ஒன்றே. விரிந்த கூம்பை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். பாண்டரோசாவின் முள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கையைக் குத்தும். ஜெஃப்ரியின் முள் உள்நோக்கி வளைந்திருப்பதால் அவ்வளவாகக் குத்தாது, கூம்பும் பொதுவாகப் பெரிது. எந்தப் புத்தகமும் இல்லாமல் காட்டில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை இது.

பிறகு, கூம்பு சமச்சீராக இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டா பைனின் கூம்பு ஒருபக்கம் புடைத்துக் கோணலாக இருக்கும், கிளையோடு ஒட்டி மூடியபடியே பல வருஷம் கிடக்கும். பேங்க்சியானாவின் கூம்பு கிளை நுனியை நோக்கி வளைந்திருக்கும். இவை மூடியே கிடப்பதற்குக் காரணம் பிசின். பெரும்பாலும் காட்டுத்தீயின் சூட்டில் பிசின் உருகின பிறகுதான் செதில் திறந்து, சாம்பல் படிந்த மண்ணில் விதை விழும். ஆகவே மரத்தில் சாம்பல் நிறத்தில் பழைய மூடிய கூம்புகள் வரிசையாகத் தொங்குவதே ஒரு அடையாளம்.

அளவை வைத்து மட்டுமே சொல்லிவிடக்கூடிய கூம்புகளும் உண்டு. கலிஃபோர்னியாப் பக்கத்து லாம்பர்டியானா பைனின் கூம்பு 50 செ.மீ. வரை நீளும், பைன்களிலேயே நீளமானது. கூல்ட்டரி பைனுடையது நீளத்தில் குறைவு, எடையில் முதலிடம், ஒரு கூம்பு இரண்டு கிலோவைத் தாண்டும், செதில் ஒவ்வொன்றிலும் வளைந்த நகம் இருக்கும். அந்த மரத்தடியில் நின்று கூம்பு தேடாதீர்கள், விழுந்து கிடப்பதை எடுத்துக்கொண்டு தள்ளி வந்து பாருங்கள்.

படி 6: பட்டையும் மொட்டும்

பட்டையைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாண்டரோசா இளமையில் கருப்பாக இருக்கும், முதிர்ந்த பிறகுதான் ஆரஞ்சு நிறத்துக்கு மாறி, ஜிக்சா துண்டுகளை அடுக்கினது போலப் பிளந்து நிற்கும். இளம் மரத்தைப் பார்த்துவிட்டு "பட்டை பொருந்தவில்லை" என்று அந்தப் பெயரையே தள்ளிவிடக் கூடாது. ஸ்காட்ஸ் பைனுக்கு மட்டும் பட்டை முக்கியம். அடிமரம் சாம்பல் கலந்த பழுப்பு, மேலே போகப் போக மெல்லிய ஆரஞ்சுத் தோல் உரியும், தூரத்திலேயே தெரியும் அபூர்வ அடையாளம் அது.

நுனி மொட்டு குளிர்காலத்தில் நன்றாகக் கைகொடுக்கும். ஜப்பானின் துன்பெர்கி பைனுக்கும் டென்சிஃப்ளோரா பைனுக்கும் இரண்டிரண்டு ஊசிதான். முன்னதன் மொட்டு வெள்ளையாகவும், பின்னதன் மொட்டு செம்பழுப்பாகவும் இருக்கும். பட்டையும் அதேபோல முதலாவதில் கருஞ்சாம்பல், இரண்டாவதில் சிவப்பு.

ஐந்தூசிக் குள்ளப் பைன்களில் ஒன்று: அமெரிக்காவின் ராக்கி மலைகளில் இருக்கும் அரிஸ்டாட்டா பைனின் ஊசிகளில் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள் இருக்கும். பூச்சி விழுந்திருக்கிறது என்று பலர் நினைத்துவிடுவார்கள், அவை பிசின் துளிகள். அதன் நெருங்கிய சொந்தமான லாங்கீவா பைனில் இந்தப் புள்ளிகள் அவ்வளவாக இருக்காது. 4,800 வருஷத்துக்கு மேல் உயிரோடு நிற்கும் மரம் இந்த லாங்கீவா இனத்தில்தான் இருக்கிறது.

படி 7: இடம் என்ன சொல்கிறது?

இயற்கைக் காடாக இருந்தால் இடம் பெரிய உதவி. நட்டு வளர்த்த தோப்பாக இருந்தால் இடத்தை மறந்துவிடுங்கள். ரேடியேட்டா பைனின் சொந்த இடம் கலிஃபோர்னியாக் கடலோரத்தில் சில துண்டு நிலங்களும், மெக்சிகோவின் இரண்டு தீவுகளும்தான். ஆனால் நியூசிலாந்து, சிலி, ஆஸ்திரேலியா என்று கண்ணுக்கெட்டின தூரம் நட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாக, ஒரே வயசில், ஒரே பருமனில் மரங்கள் நின்றால் அது நட்டது என்று புரிந்துகொண்டு ஊசியையும் கூம்பையும் மட்டும் நம்புங்கள்.

எல்லாப் படியையும் சேர்த்து ஒருமுறை

இமயமலையை எடுத்துக்கொள்வோம், ஊசி, உறை, கூம்பு என்ற மூன்று கணக்கும் அங்கே நன்றாக வேலை செய்யும். கையில் கிடைத்த கொத்தில் மூன்று ஊசி, நீளம் 28 செ.மீ., உறை நிலைத்திருக்கிறது, கூம்பு தடித்து மரக்கட்டையாக, செதில் நுனிகள் பின்னோக்கி வளைந்திருக்கின்றன என்றால் அது சிர் பைன், தாவரவியல் பெயர் பைனஸ் ராக்ஸ்பர்கி. பெரும்பாலும் 2,000 மீட்டருக்குக் கீழே இருக்கும். இன்னும் மேலே ஏறினால் ஐந்து ஊசி, மெலிந்து தொங்கும், உறை இல்லை, நீண்ட காம்பில் தொங்கும் ஒல்லியான கூம்பு, பிசின் வழிந்திருக்கும், முள் கிடையாது: நீலப் பைன், பைனஸ் வாலிச்சியானா. வறண்ட வடமேற்குப் பள்ளத்தாக்கில் மூன்று ஊசி, ஆனால் 10 செ.மீ. அளவில்தான், உறை உதிர்ந்திருக்கிறது, பட்டை திட்டுத் திட்டாக உரிகிறது: சில்கோசா, பைனஸ் ஜெரார்டியானா. இமயமலைக்கு வெளியே, கிழக்கே மேகாலயாவின் காசி மலைப் பக்கம் மூன்று மெல்லிய ஊசி, உறை உண்டு, கூம்பு 5 முதல் 9 செ.மீ. என்றால் கேசியா பைன். கேசியாவையும் சிர்ரையும் ஊசி எண்ணிக்கை பிரிக்காது, கூம்பின் அளவு பிரித்துவிடும்.

வாலிச்சியானாவும் வட அமெரிக்காவின் ஸ்ட்ரோபஸ் பைனும் ஒரே பூங்காவில் நட்டிருந்தால் கொஞ்சம் யோசிக்க வைக்கும், இரண்டும் மென்மையான ஐந்தூசி. ஸ்ட்ரோபஸின் ஊசி பொதுவாக 12 செ.மீ.க்குள் நின்றுவிடும், கூம்பும் 15 செ.மீ.யை ஒட்டித்தான். வாலிச்சியானாவில் இரண்டும் நீளம், கூம்பு 30 செ.மீ. வரைகூடப் போகும்.

பதிவு செய்யும்போது

முழு மரத்தின் போட்டோ கடைசியாக எடுத்தால் போதும். முதலில் ஸ்கேல் பக்கத்தில் வைத்து ஒரு கொத்து, அடுத்து கொத்தின் அடி மட்டும் நெருக்கத்தில், பிறகு கூம்பு பக்கவாட்டில் ஒன்று, ஒற்றைச் செதிலின் முகம் ஒன்று, நுனி மொட்டு, மார்பு உயரத்தில் பட்டை, மேல்மரத்துப் பட்டை. ஆப்பில் போட்டாலும் இந்தப் படங்களைப் போடுங்கள், அதன் பதில் சரியா என்று நீங்களே சோதிக்கவும் இவை வேண்டும்.

கூம்பு கிடைக்கவில்லை, பூங்கா மரம், கலப்பினமாகவும் இருக்கலாம் என்றால் பெயரை வலிந்து எழுதாதீர்கள். "இரண்டூசி, உறை நிலைப்பது, 9 முதல் 12 செ.மீ., வெள்ளை மொட்டு" என்று எழுதி, தேதியும் இடமும் போட்டு வையுங்கள். அடுத்த முறை அந்த மரத்தடியில் கூம்பு விழுந்து கிடக்கும்போது மீதிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.